விலங்கிடப்பட்ட கொல்லனும் வீரனின் வாளும்

கணினியில் ஆடும் ஆட்டமொன்றை இலக்கிய விமர்சனத்தின் எல்லைக்குள் கொண்டுவருவது தகுமா என்று நண்பர் சிலர் வினவக்கூடும். ஒரு காலத்தில் சினிமாவைப் பற்றியும் இவ்வாறே வினவினர். 2022 பெப்ரவரியில் வெளிவந்த ‘எல்டன் றிங்’ என்னும் ஆட்டம் 2024 நடுப்பகுதிக்குள் 25 மில்லியன் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. இளைஞர் பல நூறு மணிநேரத்தை அதிலே செலவிடுகின்றனர். மாணவன் எதிலே ஆழ்ந்திருக்கிறான் என்பதை அறியாத ஆசிரியனுக்கு அதனைக் கண்டிக்கும் உரிமையும் இல்லை.

வன்னியிலே இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. நெளுக்குளத்தில் ஆசிரியராயுள்ள நண்பரொருவர் தம் மாணவர் இவ்வாட்டத்தின் வாள்களைப் பற்றி ஓயாது பேசுவதைக் கேட்டு, “ஆயுதங்களைக் கண்டது போதாதா?” என்றார். 2009இல் வவுனியாவின் பாடசாலைகள் அகதி முகாம்களாயிருந்ததைக் கண்ட தலைமுறையின் கேள்வி இது. எளிதிலே தள்ளிவிடத்தக்கதன்று. ஆட்டத்தினுள்ளே புகுந்து பார்த்தே இதற்கு விடை காணவேண்டும்.

இதனை உருவாக்கியது ஜப்பானிய நிறுவனமான ஃபுறம்சொஃப்ற்வெயர். நெறியாளர் ஹிடெட்டாக்கா மியாசாக்கி. 2009இல் ‘டீமன்ஸ் சோல்ஸ்’, 2011இல் ‘டார்க் சோல்ஸ்’ என அவர் வகுத்த மரபின் முதற்பண்பு கடுமை. வீரன் மீண்டும் மீண்டும் இறக்கின்றான். இறக்கும்போது ஈட்டிய ‘ரூன்’ அனைத்தும் இறந்த இடத்திலேயே கிடக்கும். அங்கே சென்று மீட்பதற்குள் மறுபடியும் இறந்தால், அவை முற்றாக அழிந்துபோம். ஆகவே இங்கு ஈட்டிய ஒவ்வொன்றுக்கும் விலையுண்டு.

அந்த ரூனைக் கொண்டு இரண்டு காரியங்கள் செய்யலாம். ஒன்று, தன்னை வளர்ப்பது. உயிர்வலு, மனம், தாங்குதிறன், வலிமை, கைத்திறன், அறிவு, நம்பிக்கை, மறைபொருள் என்னும் எட்டுப் பண்புகளுள் எதை உயர்த்துவதென்று ஆட்டக்காரனே தீர்மானிக்கின்றான். மற்றொன்று, கொல்லனிடம் கொடுத்து ஆயுதத்தை வளர்ப்பது. இவ்விரண்டும் பொருந்தி உருவாகும் ஆளையே ஆட்டக்காரர் ‘பில்ட்’ என்பர். பெரும்பாலான ஆயுதங்களுக்கு, எந்தப் பண்பு எவ்வளவு துணைசெய்யும் என்பதற்கு எழுத்தால் தரம் குறிக்கப்பட்டிருக்கும். வலிமைக்குரிய பெருவாளை இரு கைகளாலும் பற்றினால், வலிமை ஒன்றரை மடங்காகக் கணிக்கப்படும். சாதாரண வாளொன்றையே கொல்லனின் கைவண்ணத்தால் பலசாலிக்குரியதாகவோ, மந்திரம் கற்றவனுக்குரியதாகவோ மாற்றலாம். ஒரே பகைவனை ஒருவன் கேடயத்தின் மறைவிலே நின்று வெல்வான். இன்னொருவன் தொலைவிலிருந்து மந்திரத்தால் வெல்வான். இரண்டும் செல்லுபடியாகும் வழிகளே.

இவ்வமைப்பின் சிறப்பு எண்ணிக்கையிலன்று. தொடக்கத்திலே தெரிவுசெய்யக்கூடிய பத்துப் பாத்திரங்களுள் கடைசியானவன் கதியற்றவன். கவசமில்லை, எட்டுப் பண்புகளும் பத்து, கையிலே ஒரு தடி. ஏனையோர் ஐந்து முதல் பத்து வரையான நிலையிலே தொடங்க, இவன் மட்டும் ஒன்றிலே தொடங்குகின்றான். ஆயின் இவனது தடியும் அரசகுமாரரின் வாள் ஏறும் அதே படிகளிலே ஏறலாம். சாதாரண ஆயுதத்துக்கு இருபத்தைந்து படிகள். எட்டு வகை உலைக்கற்கள் உள. ஒவ்வொரு வகையிலும் இரண்டு, நான்கு, ஆறு என மூன்று படிக்குப் பன்னிரண்டு கற்கள். ஆக 96 கற்கள்; முடிவிலே அரிய கல்லொன்று. இவ்வளவையும் தேடிக் கொணர்ந்தவன் கையிலே அத்தடி தெய்வங்களையும் வீழ்த்தும். பிறப்பாலன்றி உழைப்பாலே கருவி மேன்மையுறுகின்றது என்னும் இக்கருத்து, வீரனுக்குத் தெய்வவாள் வானிலிருந்து கிடைக்கும் பழங்கதைகளிலிருந்து வேறுபட்டது.

இதே நிறுவனத்தின் ‘செக்கிரோ’ (2019) வேறு வழியிற் சென்றது. அங்கே பிரதான ஆயுதம் ஒரே வாள். பண்புகளைப் பங்கிடும் வசதியுமில்லை. ஆட்டக்காரனின் கையும் கண்ணுமே பெரிதும் தேறவேண்டும். ஒரே வழியைச் செம்மையாகக் கற்பிப்பது செக்கிரோ. வழியைத் தேடும் பொறுப்பையும் நம்மிடமே விடுவது எல்டன் றிங். முன்னையதன் கட்டுக்கோப்பு பின்னையதில் இல்லை என்பதை மறுக்கமுடியாது. தக்க ஆயுதம் வாய்த்தால், கற்கவேண்டியதைக் கல்லாமலே கடந்துபோகவும் எல்டன் றிங் இடமளிக்கின்றது.

இங்கேதான் பன்மைக்கு ஆபத்து நேர்கின்றது. ஆட்டம் வெளியான சில வாரங்களிலேயே, அதிக சேதம் விளைக்கும் சில ஆயுதங்களும் உத்திகளும் அட்டவணையிடப்பட்டுப் பரவின. ஆட்டக்காரர் திரளாக அவற்றையே நாடினர். 2022 மார்ச்சிலே நிறுவனமே தலையிட்டு, அவற்றுட் சிலவற்றின் ஆற்றலைக் குறைக்க நேர்ந்தது. நூற்றுக்கணக்கான ஆயுதங்கள் இருந்தும் எல்லாரும் ஒன்றையே ஏந்தினால், அந்தப் பன்மை கடைவீதியின் பன்மையே. பரீட்சைக்கு வரும் வினாக்களை மட்டும் கற்கும் மாணவனை நாம் அறிவோம். இலாபத்தைக் கணக்கிட்டுக் கற்கும் பழக்கம் விளையாட்டினுள்ளும் புகுந்துவிட்டது. தெரிவு என்பது தன் கைக்குப் பொருந்துவதைத் தேடுவது; பட்டியலின் முதலாவதை எடுப்பதன்று.

ஆயின் இவ்வாட்டத்தின் ஆழமான செய்தி அட்டவணைகளில் இல்லை. அது கொல்லனிடம் இருக்கின்றது. ஆயுதத்தை இறுதிப் படிவரை உயர்த்தவல்லவன் ஹியூக். அவன் வட்டமேசைக் கோட்டையிலே விலங்கிடப்பட்ட கைதி. தாழ்ந்தோராகக் கருதப்படும் இனத்தவன். தெய்வத்தைக் கொல்லும் ஆயுதமொன்றை ஆக்கித் தருமாறு மரிக்கா அரசி அவனைப் பிணித்து வைத்தாள். ஆட்டம் முழுவதும் நாம் அவனிடம் செல்கின்றோம்; கல்லும் ரூனும் கொடுத்து வாளைப் பெறுகின்றோம்; திரும்புகின்றோம். அவனது விலங்கை அறுக்கும் வழி ஆட்டத்தில் இல்லை. கதையின் பிற்பகுதியிலே கோட்டை தீப்பற்றுகின்றது. அவன் நினைவு அழிந்துபோகின்றது. அப்போதும் அவன் சம்மட்டியை விடவில்லை.

அந்தக் கற்கள்தாம் எங்கிருந்து வருகின்றன? பெரும்பகுதி சுரங்கங்களிலிருந்து. அங்கே சுரங்கத் தொழிலாளர் பாறையை வெட்டிக்கொண்டிருக்கின்றனர். அவர்களுட் பலர் நாம் தாக்கும்வரை நம்மைத் திரும்பியும் பாரார். அவர்களைக் கொன்றால் கல் கிடைக்கக்கூடும். ஆகவே ஆட்டக்காரர் கொல்கின்றனர். நானும் கொன்றேன். மூன்றாம் சுரங்கத்திலேதான், எனக்கு யாதொரு தீங்கும் செய்யாதவனின் முதுகிலே வாளை ஓங்குகின்றேன் என்பது உறைத்தது. தடி வாளுக்கு நிகராகும் சமத்துவத்தை மேலே போற்றினேன். அச்சமத்துவத்தின் அடியிலே இத்தொழிலாளரின் முதுகு இருக்கின்றது.

இது ஆட்டத்தின் குறையா, நிறையா? கொல்லனை விடுவிக்கும் முடிவொன்றை வைத்திருந்தால் ஆட்டக்காரன் நிம்மதியாக உறங்குவான். அத்தகைய ஆறுதலை மியாசாக்கி அளிக்கவில்லை. இதனை நேர்மை என்றே கொள்ளவேண்டும். எனினும் உண்மையைக் காட்டிவிட்டு, எதிர்த்துச் செயற்படும் வழியை அடைத்துவிடுவதில் ஓர் அவநம்பிக்கையும் உண்டு. பல முடிவுகள் உள்ள கதையிலே வீரன் புதிய அரசனாகலாம். பழைய உலகை எரித்தழிக்கவும் செய்யலாம். உலைக்களத்திலிருந்து கொல்லன் எழுந்து செல்லும் முடிவு மட்டும் எவருக்கும் தோன்றவில்லை. இந்த மரபின் எல்லை இதுவே.

நண்பரின் கேள்விக்கு இப்போது விடையளிக்கலாம். ஆயுதத்தை ஒரு பளபளப்பான பண்டமாக மட்டும் காட்டும் ஆட்டங்கள் பலவுண்டு. அவற்றைப் பற்றிய அவர் அச்சம் நியாயமானதே. இவ்வாட்டமோ, கூர்ந்து நோக்குவோருக்கு ஆயுதத்தின் பிறப்பைக் காட்டுகின்றது. அதனைக் கூர்ந்து நோக்கப் பழக்குவது ஆசிரியரின் பணி. ஆட்டத்தைத் தடைசெய்வதால் அப்பணி நிறைவேறாது. “உன் வாள் எத்தனையாம் படி?” என்று மாணவர் தமக்குள் கேட்டுக்கொள்கின்றனர். “அதனை அடித்தவன் யார்? கல்லை வெட்டியவன் எங்கே?” என்று நாம் கேட்போம்.

கம்மாலையிலே மண்வெட்டி அடிக்கும் கொல்லன், பிடிப்பவனின் உயரத்தையும் அவன் கொத்தப்போகும் மண்ணையும் கேட்டறிந்த பின்னரே காம்பைப் பொருத்துவான். ஆளுக்கேற்ற கருவி என்னும் அறிவு நம் ஊருக்குப் புதிதன்று. மண்வெட்டியை வாங்கிச் செல்பவன் அக்கொல்லனின் பெயரை அறிவான். வழியிலே கண்டால் நின்று பேசுவான். வட்டமேசைக் கோட்டையின் வீரனுக்கு வாய்க்காத பேறு அது.