முழுப் பொருளா, முற்றா? ஆங்கிலக் கைடுகள் தவறவிடும் இடம்

பள்ளி ஆங்கிலக் கைடுகளில் ஒரே விளக்கம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. தனியாக நின்று முழுப் பொருள் தந்தால் இன்டிபென்டன்ட் கிளாஸ், தராவிட்டால் டிபென்டன்ட் கிளாஸ். (கிளாஸ் என்று தமிழில் எழுதினால் வகுப்பும் டீ கிளாஸும் குறுக்கே வருகின்றன. இனி முதன்மைத் தொடர், சார்புத் தொடர் என்றே சொல்கிறேன்.)

இந்த விளக்கம் ஒரு சோதனைக்குக்கூடத் தாங்காது. "ஹீ செட் தட் ஹீ வாஸ் இல்" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கைடு கணக்கில் "ஹீ செட்" முதன்மைத் தொடர். ஆனால் என்ன சொன்னான் என்று தெரியாமல் அது அந்தரத்தில் நிற்கிறது. "ஹீ வாஸ் இல்" என்பதோ, தட்டை எடுத்துவிட்டால், கச்சிதமாகப் பொருள் தருகிறது. பொருளை வைத்துப் பிரிக்கச் சொன்னால் பிள்ளைகள் தலைகீழாகத்தானே பிரிப்பார்கள்? அவர்கள் மேல் தப்பில்லை.

இதைவிடப் பெரிய குறை, தமிழ் தெரிந்த பிள்ளைக்குச் சொல்லித் தருகிறோம் என்பதையே கைடு மறந்துவிடுவது. "புத்தூர் நால்ரோட்டில் பஸ் ஏறி, சத்திரத்தில் இறங்கி, ஸ்ரீரங்கம் போனேன்." இதில் மூன்று வினை இருக்கு; முற்று ஒன்றே ஒன்று, "போனேன்". ஏறி, இறங்கி இரண்டும் வினையெச்சம். எச்சம் என்றாலே மிச்சம். இன்னும் ஏதோ வர வேண்டும் என்று வினையின் வாலே காட்டிக்கொடுத்துவிடும். முற்று, எச்சம் என்ற பிரிவு தொல்காப்பிய வினையியலிலேயே உண்டு. நம் பிள்ளைகள் இதை ஒன்பதாம் வகுப்புக்குள் தமிழ்ப் பாடத்தில் படித்துவிடுகிறார்கள். அடுத்த பீரியடில் ஆங்கில ஆசிரியர் முழுப் பொருள் என்று புதிதாக ஆரம்பிக்கிறார்.

ஆங்கிலத்தில் அந்த வால் இல்லை. "அவன் வந்தபோது" என்பதில் வந்தான் என்ற முற்று, "வந்த" என்ற பெயரெச்சமாகக் குறைந்துவிடுகிறது. "வென் ஹீ கேம்" என்பதில் "கேம்" அப்படியே முழு முற்று. சார்புத் தொடராக்குவது முன்னால் நிற்கும் "வென்" மட்டும். புரோகிராம் எழுதுகிறவர்களுக்குச் சட்டென்று புரியும்: ஆங்கிலம் அடையாளத்தை முன்னால் வைக்கிறது, தமிழ் பின்னால் வைக்கிறது. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளில் ஹூ, விச் போன்ற சொற்களின் வேலையைப் பெயரெச்சம் செய்கிறது என்பதைத் தனி அடையாளமாகவே குறித்திருக்கிறார். "வயலூரில் பார்த்த பையன்" என்று நாம் ஒரு சொல்லில் முடிப்பதற்கு ஆங்கிலம் ஹூம் போட்டு இன்னொரு முற்று வைக்கிறது.

"அவன் வருவான் என்று சொன்னாள்" என்பதில் இரண்டு முற்று இருக்கிறதே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் "என்று" என்பதே "என்" என்ற வினையின் எச்சம்தான்! முற்றை ஓர் எச்சம் வந்து மூடிவிடுகிறது.

ஆகவே பொருளைத் தேடாமல் முற்றை எண்ணச் சொல்லலாம். ஆங்கில வாக்கியத்தில் காலம் காட்டும் முற்றுகள் எத்தனையோ, அதில் ஒன்று குறைவாக இணைப்புச் சொற்கள் வேண்டும். மூன்று முற்று என்றால் இரண்டு இணைப்பு. இணைப்பு பிடிக்காத முற்று ஒன்று மிஞ்ச வேண்டும். ("ஐ நோ ஹீ கேம்" போன்றவற்றில் தட் மறைந்திருக்கிறது, அதையும் சேர்த்து எண்ணுங்கள். செமிகோலனும் ஓர் இணைப்புதான்.)

இது மார்க் விஷயம் மட்டும் இல்லை. வேலையில் எனக்கு வரும் ஜூனியர்களின் மெயில்களில் "சின்ஸ் தி சர்வர் வாஸ் ரீஸ்டார்ட்டட்" என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்திருப்பார்கள். ஒரு முற்று, ஒரு இணைப்பு, மிச்சம் பூஜ்யம். "ஏன் நின்னுச்சு?" என்றால் "சர்வர் ரீஸ்டார்ட் ஆனதால" என்று பேச்சில் சொல்கிறோமே, அதன் நேர் வடிவம் அது. கோடு சுத்தமாக எழுதும் பிள்ளையை இந்த ஒரு வரியை வைத்து இங்கிலீஷ் வராது என்று தள்ளிவிடுகிறார்கள்.

தமிழ்ப் பாடநூலும் தப்பவில்லை. தனிநிலை, தொடர்நிலை, கலவை என்று தொடர்களைப் பிரிப்பது சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் அச்சில் வார்த்தது என்பது என் கருத்து. நம் புத்தூர் பஸ் வாக்கியத்தை அதில் எங்கே வைப்பீர்கள்? முற்றை எண்ணினால் தனிநிலை. செயல்களை எண்ணினால் தொடர்நிலை. உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.