100 அடி ரோட்டில் பூ உதிரும் நேரம்

சென்னையில் வசந்தம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களை, பங்குனிக் கடைசியில் ஒரு நாள், விடிவதற்கு அரை மணி முன்னால் அசோக் பில்லருக்கு வரச் சொல்வேன். அங்கிருந்து கோயம்பேடு வரை 100 அடி ரோட்டில் நடக்க வேண்டும். பலகையில் அதன் பெயர் ஜவஹர்லால் நேரு சாலை. திட்டம் போடுகிறவர்களுக்கு உள்வட்டச் சாலை. வட்டம் என்பது ஒரு மரியாதைக்குத்தான். கிழக்கே முழுக்கக் கடலை வைத்துக்கொண்டிருக்கும் ஊரில் எந்தச் சாலையும் வட்டம் போட்டு முடிக்க முடியாது. கத்திப்பாராவில் தொடங்கி, பாடி வழியாக மாதவரம் பக்கம் வளைந்து போகும் இது, ஊரின் இடுப்பில் பாதியோடு நின்றுவிட்ட அரைஞாண்.

மேலே பார்க்காதீர்கள். 2015 ஜூனில் ஆலந்தூருக்கும் கோயம்பேட்டுக்கும் நடுவே மெட்ரோ ஓடத் தொடங்கியபோது, இந்த ரோட்டின் ஆகாயத்தில் பாதியை கான்கிரீட் எடுத்துக்கொண்டது. கிளையில் பூவைத் தேடினால் தூணும் விளம்பரமும்தான் கிடைக்கும். இந்த ரோட்டில் இளவேனில் தரையில் எழுதப்பட்டிருக்கிறது.

கிளம்பும்போது ஒரே ஒரு மரத்தை மட்டும் நிமிர்ந்து பார்த்துக்கொள்ளலாம்: தூங்குமூஞ்சி. அந்த நேரத்தில் அது பெயருக்கேற்றபடி தூங்கிக்கொண்டிருக்கும். சிற்றிலைகள் ஜோடி ஜோடியாகக் கூம்பி, மரமே இளைத்துப்போனது போல் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொண்டு நடங்கள்.

வேம்பை மூக்குதான் முதலில் கண்டுபிடிக்கும். டீசல் புகைக்கு நடுவே திடீரென்று ஒரு தேன் வாசம் வரும், இரண்டடி எடுத்து வைப்பதற்குள் போய்விடும். திரும்பி வந்து நின்றால் மறுபடி வரும். நாக்கில் வைத்தால் கசக்கிற பூ, மூக்குக்கு மட்டும் இப்படி இனிக்கிறது. அரிசிக் குருணையைவிடக் கொஞ்சம் பெரிது, ஐந்து இதழ். நடைபாதைக் கற்களின் இடுக்குகளில் சேர்ந்து கோடு கோடாக நிற்கிறது, யாரோ இடுக்கு பார்த்துக் கோலமாவு இழுத்த மாதிரி.

ஒரு குறுக்குத்தெரு முனையில் பழைய வேட்டியை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தார் ஓர் அம்மா.

“மிதிச்சிடாதீங்க தம்பி.”

“வருஷப் பிறப்புப் பச்சடிக்காம்மா?”

“பச்சடிக்கு ஒரு கைப்பிடி போதும். மீதியைக் காயவெச்சு ரசத்துக்கு வெச்சுக்குவேன். ராத்திரியே விரிச்சிடுவேன். பறிச்சா காம்பும் இலையுமா வரும். தானா விழுறதுதான் சுத்தம்.”

தானா விழுறதுதான் சுத்தம். வடபழனி தாண்டும்வரை இந்த வார்த்தை கூடவே வந்தது.

அடுத்து புங்கம். என் கணக்கில் இந்த ரோட்டின் முதல் மரம் அதுதான். மாற்றுக் கருத்துள்ளவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். மாசியில் இலையைக் கொட்டிவிட்டு நின்றது, பங்குனிக்குள் உடம்பு முழுக்கத் தளிர் போட்டுக்கொள்கிறது. வாழைக்குருத்துக்கும் எலுமிச்சங்காய்க்கும் நடுவில் உள்ள பச்சை. தெருவிளக்கு பட்டால் எண்ணெய் தடவியது போல மினுங்கும். பத்து நாள் வெயில் பட்டால் அந்தப் பச்சை முற்றிவிடும், அப்புறம் அடுத்த வருஷம்தான்.

அதன் பூ விரிந்து விழுவதைவிட, விரியாத பருவத்திலேயே உப்பலாக விழுவதுதான் அதிகம். சங்க இலக்கியத்தில் இதன் பெயர் புன்கு. முற்றத்து மணலில் உதிர்ந்த புன்கம்பூவை, வேலன் வெறியாடும் களத்தில் சிதறிய செந்நெல் பொரியோடு ஒப்பிட்டார் ஒரு குறுந்தொகைப் புலவர். புத்தகத்தில் படித்தபோது அழகான உவமை என்று கடந்துபோய்விட்டேன். அரும்பாக்கம் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் நாலைந்தைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்த அன்றுதான் அசந்துபோனேன். பொரியின் அளவு, பொரியின் உப்பல், பொரியில் ஒட்டியிருக்கும் உமி போல அடியில் பழுப்பாக ஒரு சின்னக் கிண்ணம். புலவர் கையிலிருந்து எதையும் போடவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: அவருக்குக் கிடைத்தது வெண்மணல், வெள்ளைமேல் வெளுப்பு. நமக்குத் தார் ரோடு. பொரி எடுப்பாகத் தெரிவது நம் பக்கம்தான்.

பெருங்கொன்றையைத் தவறவிடவே முடியாது. இயல்வாகை என்றும் சொல்வார்கள். உண்மையில் கொன்றையும் இல்லை, வாகையும் இல்லை. உதிர்ந்த இதழ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். கசக்கிப் பிரித்த மெல்லிய காகிதம் போல ஓரமெல்லாம் சுருக்கம். மரத்திலேயே அப்படித்தான் இருக்கும். மொட்டோ துருப்பிடித்த ஆணித்தலை நிறத்தில் வெல்வெட். இந்தத் துருவிலிருந்து அந்த மஞ்சள் எப்படி வந்தது என்று கொஞ்ச நேரம் யோசிக்கலாம். நிறுத்தியிருந்த ஆட்டோவின் மேல் இரவெல்லாம் உதிர்ந்திருந்தது. டிரைவர் வந்து, கண்ணாடியை மட்டும் கையால் வழித்துவிட்டு, கூரையை அப்படியே விட்டு வண்டியை எடுத்தார். சிக்னல் வரைக்கும் மஞ்சள் பறந்துகொண்டே போனது. உறுதியான மரம் என்று சொல்ல மாட்டேன். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது, ஊரில் சாய்ந்து கிடந்தவற்றில் இதுவும் நிறைய.

சரக்கொன்றை வழியில் ஒன்றே ஒன்று, ஒரு மதில்சுவருக்கு உள்ளே. சங்கப் பாட்டில் இது முல்லை நிலத்துக் கார்காலப் பூ. பருவம் தப்பிப் பெய்த மழையைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்ட கொன்றையை மடமை என்கிறாள் ஒரு தோழி. இங்கே மழையே இல்லை, வெயில் ஏறினாலே சரம் இறங்கிவிடுகிறது. இந்தக் கொன்றையை அவள் என்ன சொல்லியிருப்பாளோ!

இதற்குள் குயில் இரண்டு தரம் கூவி, காக்கைகளிடம் வசவும் வாங்கியாகிவிட்டது. வெளிச்சம் வந்ததும் இன்னொரு தூங்குமூஞ்சி எதிர்ப்பட்டது. கூம்பிய இலையெல்லாம் விரிந்து நிழலுக்குத் தயார். கீழே அதன் பூ, பவுடர் பஃப் மாதிரி: அடி வெள்ளை, நுனி இளஞ்சிவப்பு. குழந்தையின் கன்னத்தில் ஒற்றத் தோன்றும்.

கோயம்பேட்டு மார்க்கெட்டில் பூவுக்குப் பஞ்சமில்லை. வெயில் காலம் மல்லிக்கு வரத்துக் காலம். மூட்டை மூட்டையாக உதிரி இறங்குகிறது. விஷுவுக்காகக் கொன்றைக் கொத்தும் வந்திருந்தது. எல்லாம் பறித்த பூ. ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

வந்த வழியில் தூய்மைப் பணியாளர்கள் இறங்கியிருந்தார்கள். அரைவட்டம் அரைவட்டமாக விளக்குமாறு போய்வர, புங்கம் பொரியும் பெருங்கொன்றை மஞ்சளும் குட்கா உறையும் ஒரே குவியல். அவர்கள் வேலையை அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆகவே ஆறரைக்குள் நடந்து முடித்துவிடுங்கள். வேப்பமரத்தடி வரும்போது வேட்டியை மிதித்துவிடாதீர்கள்.