மென்பொருட் கைந்நூல்களிற் குறியீட்டு மரபு

ஒரு தொழிலைக் கற்பிக்கும் நூலிற் சொற்கள் இருவகைப்படும். படிப்போன் உள்ளவாறே எடுத்தாள வேண்டியன ஒருவகை. தனக்கு வேண்டிய பொருளைப் பெய்துகொள்ள வேண்டியன மற்றொருவகை. இவ்விரண்டையும் கண்ணுக்குப் புலப்படப் பிரித்துக் காட்டுதலே கணினி மென்பொருட் கைந்நூல்களிற் காணப்படும் குறியீட்டு மரபின் பயன். அம்மரபு அப்பயனை எவ்வளவிற்குத் தருகின்றது என்பது ஆராயத்தக்கது.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் 1971ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட யுனிக்ஸ் கைந்நூல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அடிக்கோடிட்ட சொல் உள்ளவாறே தட்டச்சிடற்குரியது. சதுர அடைப்புள் நிற்பது வேண்டின் கொள்ளற்பாலது. முப்புள்ளி, முன்நின்றது மீண்டும் வரலாம் என்பதை உணர்த்தும். 1979ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பில் அடிக்கோட்டின் இடத்தைத் தடித்த எழுத்துப் பெற்றது. பல வாக்கியங்களால் விரிக்க வேண்டியதை ஒரு வரியுள் அடக்கிய இச்சுருக்கம் போற்றற்குரியதே.

ஆயினும், குற்றம் இரண்டு உள. இவ்விதிகள் நூன்முகத்தில் ஒருமுறையே கூறப்பட்டன. கைந்நூலைத் தேடுவோனோ இடையிலுள்ள ஓரேட்டையே திறக்கின்றான். அன்றியும், சதுர அடைப்பு அக்கட்டளைமொழியிலேயே வேறொரு தொழிலும் உடையது: தன்னுள் நிற்கும் எழுத்துக்களுள் யாதேனும் ஒன்று என்பது அங்கு அதன் பொருள். கோப்பை நீக்குங் கட்டளையில் அடைப்பையும் அதனுள் நிற்கும் எழுத்துக்களையும் இடைவெளியின்றி ஒருவன் தட்டச்சிடின், அவ்வெழுத்துக்களுள் ஒன்றையே பெயராகவுடைய கோப்பு அங்கிருப்பின் அதுவும் அழிந்தொழியும். குறியைப் பொருளாகக் கொண்ட மயக்கத்தின் விளைவு இது.

1960ஆம் ஆண்டின் அல்கோல் அறிக்கையும் இம்மயக்கத்திற்கு விலக்கன்று. இலக்கணப் பெயர்களைச் சூழ்ந்து நிற்கும் கோணக்குறிகளை ஒத்த குறிகளே, சிறிது பெரிது என்பவற்றைக் காட்டும் குறிகளாக அம்மொழியுள்ளும் வருகின்றன.

சொல்லாக்கத்தில் நீங்கிவிடும் குறியெழுத்துக்களைப் பாணினி முனிவர் ‘இத்’ எனப் பெயரிட்டு, அவை இன்னவென்றும் அவை கெடுமென்றும் சூத்திரங்களாலேயே வரையறுத்தனர். அத்துணை நுட்பமுடைய நூலிலும் ணகரம் இருமுறை இத்தாக வருதலால் ஐயம் பிறந்தது. விளக்கவுரையால் அதனைத் தெளிக என்பது பதஞ்சலியார் மகாபாடியங் காட்டும் வழி.

கைந்நூலைப் படிப்போனுக்கு உரையாசிரியர் அருகில் இல்லை. ஆதலின், ஒவ்வொரு கட்டளையின்கீழும் உள்ளவாறே தட்டச்சிடத்தக்க எடுத்துக்காட்டொன்றேனும் தருதல் நூல் செய்வோர் கடனாகும். குறி எத்துணைச் சுருங்கினும் குற்றமில்லை. அதனை விளக்கும் உரை சுருங்குதலே குற்றம்.