பரிதிமாற்கலைஞரும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியும்: ‘கொடை’ என்னும் சட்டகம் குறித்த மறுவாசிப்பு

சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் தமிழ்ப் பங்களிப்பைப் பேசும் எழுத்துகள் பெரும்பாலும் ‘மறைப்பணியாளர் கொடை’ என்னும் சட்டகத்திலேயே அமைகின்றன. 1837இல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளி, வில்லியம் மில்லர் காலத்தில் கல்லூரியாக வளர்ந்து, 1937இல் தாம்பரத்திற்குப் பெயர்ந்தது என்பதே அவற்றின் மையம். இதில் தமிழாசிரியர் கொடையைப் பெறுபவராக மட்டுமே எஞ்சுகிறார்.

பரிதிமாற்கலைஞரின் (1870-1903) பணி இதற்கு மாறான சான்றாகும். மில்லர் ஷேக்ஸ்பியரைக் கற்பித்த கல்லூரியில் பயின்று, அங்கேயே தமிழ் கற்பித்த அவர், 1897இல் ‘நாடகவியல்’ இயற்றினார். மேலைநாட்டு நாடக அறிவும் வடமொழி மரபும் அதில் உண்டு. ஆயினும் அவர் தேர்ந்த வடிவம் நூற்பா. புதுப்பொருளைத் தமிழ் இலக்கண வடிவிற்குள் அமைத்த இத்தெரிவை ‘தாக்கம்’ என்னும் சொல் விளக்காது. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை விலக்கும் முயற்சியை 1902இல் எதிர்த்தவரும் அவரே. தமிழை உயர்தனிச் செம்மொழி என நிறுவ முயன்ற ‘தமிழ் மொழியின் வரலாறு’ 1903இல் வெளிவந்தது.

நிறுவனத்தை முற்றாக ஒதுக்குவதும் பொருந்தாது. ஊதியம், வகுப்பறை, இருமொழிப் புலமையுடைய மாணவர் ஆகியவற்றைக் கல்லூரியே அளித்தது. அவற்றைக் கொண்டு என்ன செய்வது என்பதைத் தீர்மானித்தவர் ஆசிரியர்.

தாம்பரம் வளாகம் அமைவதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே அவர் மறைந்தார். வளாகத்தையும் முதல்வர்களையும் கொண்டு எழுதப்படும் வரலாற்றில் அவர் அடிக்குறிப்பாகவே அமைவார். பாடத்திட்டம், வினாத்தாள், கல்லூரி இதழ் ஆகியவற்றிலிருந்து தொடங்கும் வரலாற்றிலேயே தமிழாசிரியரின் பணி மையம் பெறும்.