கேள்விக்குறியைக் காணோம்

"எங்க ஃபேமிலியே சுகர் ஃபேமிலி சார். அப்பாவுக்கு இருந்தது, பெரியப்பாவுக்கு இருந்தது, எனக்கு மட்டும் வராம எங்க போகும்?" என்று சொல்கிற ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சொல்லும்போது குரலில் லேசாக ஒரு பெருமைகூட எட்டிப்பார்க்கும், ஏதோ பூர்வீகச் சொத்து பத்திரப்பதிவு ஆனமாதிரி. அந்த ஆசாமி நீங்களேதான் என்றால் கோபித்துக்கொள்ளாமல் மேலே படியுங்கள். இந்த வாரம் உங்களுக்காகத்தான்.

இந்தப் பூர்வீகச் சொத்து வாதத்துக்கு விஞ்ஞான அந்தஸ்து வாங்கிக்கொடுத்த ஒரு கட்டுரை இருக்கிறது. 1962-ல் அமெரிக்க மரபியல் சஞ்சிகை ஒன்றில் வந்தது. மொத்தமே பத்து பக்கம். எழுதியவர் ஜேம்ஸ் நீல், மிச்சிகன் பல்கலைக்கழகத்து மரபியல் நிபுணர். லேசுப்பட்ட ஆள் இல்லை. அரிவாள் செல் ரத்தசோகை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எப்படி வருகிறது என்று 1949-ல் தெளிவாக்கியவர். ஹிரோஷிமா, நாகசாகி குண்டுவீச்சில் தப்பிப் பிழைத்தவர்களின் குழந்தைகளை வருஷக்கணக்கில் ஆராய்ந்தவர்.

அவரைக் குடைந்த கேள்வி இது. சர்க்கரை வியாதி குடும்பங்களில் தொடர்ந்து வருகிறது. ஆகவே பரம்பரை அம்சம் இருக்கிறது. ஆளைக் கொல்லுகிற பரம்பரை அம்சத்தை இயற்கை எப்போதோ கழித்துக்கட்டியிருக்க வேண்டுமே, ஏன் விட்டுவைத்தது? அரிவாள் செல் விஷயத்தில் ஒரு விடை கிடைத்திருந்தது. அந்த ஜீன் ஒரு பிரதி இருந்தால் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. கெட்டதுக்குள் ஒரு நல்லது. சர்க்கரைக்கும் அப்படி ஒரு நல்லது இருந்திருக்க வேண்டும் என்று யோசித்தார் நீல்.

நான் படித்தது பி.காம். ஜீன் சமாசாரத்தில் எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஆனால் நீல் சொன்ன விடை கணக்குப்பிள்ளைக்குச் சட்டென்று புரியும். ஆதி மனிதனுக்கு ஒரு நாள் வேட்டை கிடைக்கும், பத்து நாள் கிடைக்காது. கிடைத்த அன்று இன்சுலினைச் சட்டென்று சுரந்து, சாப்பிட்டதைக் கொழுப்பாகச் சேமித்துக்கொண்ட உடம்பு பஞ்சத்தில் பிழைத்தது. சேமிக்காத உடம்பு செத்தது. பிழைத்தவனின் சிக்கன ஜீன்தான் நமக்கு வந்திருக்கிறது. இப்போது தினமும் விருந்து, எடுத்துச் செலவழிக்கப் பஞ்சம் வருவதில்லை. டெபாசிட் ஏறிக்கொண்டே போய் வங்கியே திவாலாகிறது. அதற்குப் பெயர்தான் சர்க்கரை வியாதி.

பிரமாதமான கதை. ஒருமுறை கேட்டால் மறக்காது. அதுதான் சிக்கலே.

கட்டுரையின் தலைப்பைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: சர்க்கரை வியாதி: 'முன்னேற்றத்தால்' கெடுதலாகிப்போன ஒரு 'சிக்கன' மரபமைப்பா? கவனியுங்கள். 'சிக்கன', 'முன்னேற்றம்' இரண்டுக்கும் மேற்கோள் குறி. கடைசியில் ஒரு கேள்விக்குறி. அதாவது, இப்படி இருக்குமோ என்று யோசிக்கிறேன், அவ்வளவுதான் என்கிறார் எழுதியவர். பின்னால் வந்தவர்கள் மேற்கோள் குறியை எடுத்தார்கள். கேள்விக்குறியை எடுத்தார்கள். ஒருமையில் 'சிக்கன ஜீன்' என்றும் ஆக்கிவிட்டார்கள். தலைப்புக்கு ஒன்றரை வரி மட்டுமே கிடைக்கிற எங்கள் பத்திரிகைத் தொழிலில் கேள்விக்குறிக்கு ஆயுசு கம்மி.

இந்தக் கதைக்கு ஒரு கதாநாயகன் தேவைப்பட்டது. அரிசோனாவில் கிடைத்தார்கள். பிமா இந்தியர்கள். கட்டுரை வந்த மறு வருஷம், 1963-ல், அமெரிக்க அரசின் ஆராய்ச்சிக்குழு ஒன்று மூட்டுவாதத்தைப் பற்றிக் கணக்கெடுக்க அங்கே போனது. போன இடத்தில் சர்க்கரையைப் பார்த்து மிரண்டது. 35 வயது தாண்டியவர்களில் பாதிப்பேருக்குச் சர்க்கரை. உலகத்தில் வேறெங்கும் அப்படி ஓர் அளவு பதிவாகியிருக்கவில்லை. 1965-ல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் அவர்களை ஆராய்ந்தார்கள். பாலைவனத்து மக்கள், பஞ்சத்திலேயே வளர்ந்தவர்கள், ஆகவே சிக்கன ஜீன். முடிந்தது கேஸ்.

ஒரு நிமிஷம். இந்த மக்கள் தங்களைப் பிமா என்று சொல்லிக்கொள்வதில்லை. அவர்கள் மொழியில் 'ஆற்று மக்கள்' என்று பொருள்படும் பெயர் ஒன்று உண்டு. ஆறு, ஹீலா நதி. கால்வாய் வெட்டி, பாசனம் செய்து, சோளமும் அவரையும் பின்னாளில் கோதுமையும் விளைத்தவர்கள். 19-ம் நூற்றாண்டின் நடுவில் தங்கம் தேடிக் கலிஃபோர்னியாவுக்குப் போன வண்டிக்காரர்களுக்கும் ராணுவத்துக்கும் கோதுமை விற்றவர்கள். உபரி இருந்தால்தானே ஐயா விற்க முடியும்?

பிறகு நதியின் மேல்பக்கம் வெள்ளைக்காரக் குடியேறிகள் வந்தார்கள், தண்ணீரைத் திருப்பினார்கள். 1887-ல் ஃப்ளாரன்ஸ் கால்வாய் வெட்டியபோது மிச்சம் மீதியும் போயிற்று. வயல் காய்ந்தது, பட்டினி வந்தது. பிமாக்களின் சரித்திரத்தில் நமக்குத் தெளிவாகத் தெரிகிற பெரும் பஞ்சம் இதுதான். கற்காலத்தில் நடந்ததல்ல, ரயில் ஓடிய காலத்தில் நடந்தது. இயற்கை கொடுத்ததும் அல்ல. அப்புறம் கால்வாய்ச் சோளத்தின் இடத்தில் அரசாங்கம் கொடுத்த மைதாவும் சர்க்கரையும் பன்றிக்கொழுப்பும் வந்தன. வயல் வேலை போனது, உட்கார்ந்திருப்பது வந்தது.

இதற்கெல்லாம் நடுவே ஒரு சாட்சி இருக்கிறார். எலியட் ஜாஸ்லின், பாஸ்டனின் பிரபல சர்க்கரை டாக்டர். அரிசோனாவில் சர்க்கரை நோயாளிகளைக் கணக்கெடுத்து 1940-ல் வெளியிட்டார். பிமாக்களிடம் அவர் கண்டது 21 கேஸ். மற்ற அமெரிக்கர்களிடம் இருந்த அளவுதான். அவர் கணக்கில் சிலர் விடுபட்டிருக்கலாம், அப்போது பரிசோதனை வசதிகள் குறைவு. அதற்காகப் பாதி ஊரே கண்ணில் படாமல் போகுமா? இருபத்தைந்து வருஷத்தில் ஒரு ஜனத்தின் ஜீன் மாறாது. மாறியது சாப்பாடும் தண்ணீரும் வேலையும்.

நீலின் கட்சிக்காரர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "ஜீன் முன்பே இருந்தது, சாப்பாடு மாறியதும் வெளியே வந்தது." நியாயமான பதில்தான். ஆனால் பஞ்சம் பார்க்காத மூதாதை யாருக்கு இருக்கிறார்? ஐரோப்பா பட்டினியில் செத்த நூற்றாண்டுகள் எத்தனை! பட்டினிதான் பரீட்சை என்றால் பாஸ் செய்த எல்லோருக்கும் அதே மார்க் வந்திருக்க வேண்டும்.

சோதித்துப் பார்க்கவும் ஒரு வழி இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், மெக்ஸிகோ மலையில், மைகோபா என்கிற ஊரில் பிமாக்களின் நெருங்கிய உறவினர்கள் இருக்கிறார்கள். கையால் உழுது, நடந்து பிழைத்தவர்கள். 2006-ல் வெளியான ஒப்பீடு சொன்னது: அரிசோனா பிமாக்களில் நூற்றுக்கு 38 பேருக்குச் சர்க்கரை. மெக்ஸிகோ பிமாக்களில் நூற்றுக்கு 7 பேர்கூட முழுசாக இல்லை. அக்கம்பக்கத்து மற்ற மெக்ஸிகோக்காரர்களுக்கு 2.6. ஜீன் ஏறக்குறைய ஒன்று, வாழ்க்கை வேறு.

'குடும்பத்தில் இருக்கிறது' என்பதும் 'ஜீனில் இருக்கிறது' என்பதும் ஒன்றா? இதற்கு 2000-ல் பிமாக்களிடமிருந்தே ஒரு விடை வந்தது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை வருவதற்கு முன் பிறந்த பிள்ளை, வந்த பின் பிறந்த பிள்ளை. பின்னால் பிறந்தவருக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு 3.7 மடங்கு. அப்பாவுக்குச் சர்க்கரை வந்ததற்கு முன், பின் என்று பிரித்தால் இந்த வித்தியாசம் இல்லை. ஆக, அம்மாவிடமிருந்து வந்ததில் ஒரு பங்கு ஜீன் வழியாக வரவில்லை, கர்ப்பத்தில் இருந்த ஒன்பது மாதத்தில் வந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் 'பரம்பரை' மாதிரியேதான் தெரியும்.

இந்தக் கர்ப்பப்பை விஷயம் நம் நாட்டையும் தொடுகிறது. புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்தார்கள். சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. எடையில் இவ்வளவு குறைந்தும் தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லிக் குழந்தைக்குள் ஒரு குண்டுக் குழந்தை. இதில் ஜீனின் பங்கு எவ்வளவு, அம்மாவின் தட்டில் இல்லாமல்போன பருப்பின், கீரையின் பங்கு எவ்வளவு? இதைக் கேட்காமலே 'இந்தியர்களுக்கு ஜீன் சரியில்லை' என்று சொல்லிவிடுவது ரொம்ப வசதி.

அப்படியானால் ஜீனுக்குப் பங்கே இல்லையா? உண்டு, தாராளமாக. 2006-ல் ஐஸ்லாந்துக்காரர்கள் ஒரு முக்கியமான ஜீனைக் கண்டுபிடித்தார்கள். 2024 நிலவரப்படி, சர்க்கரையோடு தொடர்புள்ள இடங்கள் நம் மரபணுத் தொகுதியில் 600-க்கு மேல். பெரும்பாலானவை தனித்தனியே செய்கிற வேலை கொஞ்சம்தான். ஐஸ்லாந்து ஜீனைப் பிமாக்களிடம் 3,501 பேரிடம் தேடினார்கள். அங்கே அதற்குப் பெரிய பங்கு எதுவும் இல்லை என்று 2007-ல் தெரிந்தது.

2014-ல் இன்னும் நேரடியான பரீட்சை. நீல் எழுதிய அதே சஞ்சிகையில். சர்க்கரையோடு தொடர்புள்ள 65 இடங்களை எடுத்து, இயற்கை இவற்றைத் தேர்ந்தெடுத்து வளர்த்த தடயம் உண்டா என்று பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் இல்லை. 14 இடங்களில் மட்டும் லேசான தடயம். அங்கேயும் இயற்கை வியாதி தரும் வடிவத்தையும் வியாதியைத் தடுக்கும் வடிவத்தையும் ஏறக்குறைய சம அளவில்தான் ஆதரித்திருந்தது. 2016-ல் சமோவா தீவில் ஒரு ஜீன் வகை சிக்கியது. உடம்பில் எடை ஏற்றுகிறது. ஆஹா, சிக்கன ஜீன் என்றார்கள். ஆனால் அது இருப்பவர்களுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு குறைவு! கதாநாயகன் கிடைத்தான், வில்லன் வேஷத்துக்கு ஒத்துவரவில்லை.

நீல் இதையெல்லாம் பார்க்கவில்லை, 2000-ல் இறந்துவிட்டார். ஆனால் பாராட்டியே ஆகவேண்டும், அவர் தன் யோசனையைக் கட்டிக்கொண்டு அழவில்லை. 1982-ல் திருத்தி எழுதினார். 1998-ல் மறுபடி எடுத்து, இது ஒற்றை ஜீன் கதையல்ல, பல ஜீன்களும் வாழ்க்கைமுறையும் கலந்த சிக்கல் என்றார். எழுதியவரே திருத்திக்கொண்ட பிறகும் முதல் பதிப்பையே விற்றுக்கொண்டிருந்தது நாம்தான்.

ஏன் என்று கேட்டால், ஜீனைக் குற்றம் சொன்னால் யாருக்கும் செலவில்லை. தண்ணீரைத் திருப்பியவன்மேல் வழக்குப் போடலாம். ஜீன்மேல் எந்தக் கோர்ட்டில் போடுவது? பிமாக்களுக்குத் தண்ணீர் உரிமையைத் தீர்த்துவைத்த சட்டம் 2004-ல்தான் வந்தது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்கு நடுவே நாற்பது வருஷம் அவர்கள் ரத்தத்தைக் குழாய் குழாயாக எடுத்துப் பார்த்தாயிற்று. அந்த ஆராய்ச்சியால் உலகத்துக்கு நிறைய லாபம், மறுக்கவில்லை. ஆனால் 'உன் ரத்தத்திலேயே கோளாறு' என்று ஒரு ஜனத்திடம் தலைமுறை தலைமுறையாகச் சொன்னால், அதைக் கேட்டு வளரும் பிள்ளை எதற்காக ஓடும், எதற்காகத் தட்டைத் தள்ளிவைக்கும்?

இங்கேதான் நம் 'சுகர் ஃபேமிலி' ஆசாமிக்கு ஒரு நல்ல செய்தி. அமெரிக்காவில் சர்க்கரையின் வாசலில் நின்ற 3,234 பேரை வைத்துப் பெரிய பரிசோதனை ஒன்று நடந்தது. முடிவு 2002-ல் வந்தது. நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு, கொஞ்சம் எடைக் குறைப்பு. இவ்வளவுதான். வியாதி வருவது 58 சதவீதம் குறைந்தது. பிறகு அவர்களுடைய ஜீனையும் பார்த்தார்கள். அந்த ஐஸ்லாந்து ஜீனின் மோசமான வடிவத்தை அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வாங்கியவர்களில், எதுவும் செய்யாமல் இருந்தவர்களுக்கு ஆபத்து மற்றவர்களைப்போல 1.8 மடங்கு. நடந்தவர்களிடம் அந்த வித்தியாசம் ஏறக்குறைய கரைந்துபோயிருந்தது. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு நம்மவர்களிடமே செய்த பரிசோதனையிலும் (2006) நடையும் சாப்பாடும் ஆபத்தை 28 சதவீதத்துக்கு மேல் குறைத்தன.

ஆகவே, 'சர்க்கரைக்கான ஜீன் கண்டுபிடிப்பு' என்று அடுத்த முறை செய்தி வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எவ்வளவு ஆபத்தைக் கூட்டுகிறது? யாரிடம் பார்த்தார்கள்? ஜீன் மாறாத காலத்தில் வியாதி மட்டும் ஏன் ஏறியது? மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால், தலைப்பின் கடைசியில் பேனாவால் நீங்களே ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு இருந்தது என்றால் அதற்கு அர்த்தம் நீங்கள் மற்றவர்களைவிடப் பத்து வருஷம் முன்னால் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பதுதான். சாயந்திரம் ஒரு மணி நேரம் நடக்கவும் வேண்டும். நடைபாதை இல்லையே என்கிறீர்களா? அது நல்ல கேள்வி. அதைக் கார்ப்பரேஷனிடம் கேளுங்கள், அப்பாவிடம் கேட்காதீர்கள்.