கல் தெரியும் கண்

நெடுந்தீவுக் கல்வேலியைக் கைவேலை என்று புகழ்வோர் அதில் பாதியைத்தான் புகழ்கிறார்கள். சாந்தில்லாமல் முருகைக்கல்லின்மேல் முருகைக்கல் ஏற்றி எழுப்பிய அந்த வேலியின் பெருமை கையைவிடக் கண்ணுக்கே உரியது. இதற்கு ஓர் ஆங்கிலச் சொல்லையே சாட்சிக்கு அழைக்கலாம். திறமையைச் சொல்லும் 'ஸ்கில்', பழைய நோர்ஸ் மொழியிலிருந்து 12ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துக்கு வந்தது. பிறந்த இடத்தில் அதன் பொருள் வேறுபாடு, பகுத்தறிதல். ஆங்கிலத்திலும் முதலில் விவேகத்தைக் குறித்து, பின்னரே செய்திறனைக் குறித்தது. நோர்வேயில் வாழும் நம்மவர் பிரித்தலுக்கு நாளும் கேட்கும் 'ஷில்லெ' அதன் உறவுச் சொல். நமது 'தேர்ச்சி'யும் அதே வழியில் வந்தது. தேர்தல் என்றால் ஆராய்ந்து தெரிவு செய்தல்.

சொற்பிறப்பு எப்படிச் சான்றாகும் என்று கேட்கலாம். தனியே ஆகாதுதான். ஆனால் உறவில்லாத இரண்டு மொழிகள் ஒரே இடத்தில் வந்து நிற்கும்போது, அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றும். திறமைக்கான இன்னோர் ஆங்கிலச் சொல்லான 'டெக்ஸ்டெரிட்டி' வலக்கையைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் பிறந்ததே, நாமும் 'கைத்திறன்' என்கிறோமே என்பது அடுத்த மறுப்பு. இதற்கு வேலியே விடை. செங்கல்லின் அளவைச் சூளைக்கு முன்னரே அச்சு தீர்த்துவிடுகிறது. முருகைக்கல்லில் ஒன்றைப்போல் மற்றொன்று கிடையாது. குழிந்த கல்லுக்கு அதில் கொளுவும் முனையுள்ள கல் வேண்டும். நீண்ட கல் வேலியின் உள்நோக்கிப் படுக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தச் சிறுகல்! இரண்டு பெருங்கல்லுக்கிடையே ஆட்டத்தை நிறுத்தும் விரலளவுத் துண்டு. பார்ப்பவர் கண்ணில் படாத அதைக் கல்குவியலுக்குள் கண்டெடுப்பதே முழுத் தேர்ச்சி. தூக்கும் வலு பலருக்கும் உண்டு. எதைத் தூக்குவது என்று தெரிபவர் சிலர்.

சீமெந்து மதில் நேரானது, உறுதியானது என்பவர்களின் ரசனை வேறு. நேர்த்தியை நூல்பிடித்து அளப்பவர்களுக்கு இந்த வேலி கரடுமுரடாகத்தான் தெரியும். ஆனால் மரமும் மறைவும் குறைந்த தீவில் கடற்காற்று முழுமதிலில் மோதுகிறது. கல்வேலியின் இடுக்குகளில் புகுந்து தணிகிறது. ஓரிடம் சரிந்தாலும் விழுந்த கல்லையே திரும்ப ஏற்றலாம். சரிந்த இடத்தைச் சீமெந்துக் கல்லால் அடைத்தால் வேலை சீக்கிரம் முடியும். கல் தெரியும் கண் மட்டும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேராது. சாந்தில்லாக் கல்லடுக்கும் கலையை 2018இல் எட்டு ஐரோப்பிய நாடுகள் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்த்தன. நெடுந்தீவு எந்தப் பட்டியலுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வேலி சரிந்தால், விழுந்த கல்லை முதலில் பாருங்கள். அதற்குரிய இடம் அந்த வேலியிலேயே இருக்கிறது.