காந்தளைப் பக்கவாட்டில் பாருங்கள்

செங்காந்தளைப் படம் பிடிக்க ஏற்ற நாள், ஐப்பசி மழை விட்டு வானம் மூடியே கிடக்கும் நாள்தான். சுள்ளென்ற வெயிலில் எடுத்தால் அந்தச் சிவப்பு கேமராவில் அப்பிக்கொள்ளும். இதழின் நரம்பும் தெரியாது, மஞ்சள் எங்கே முடிந்து சிவப்பு எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியாது. மேகமூட்டத்திலும் வெளிச்ச அளவைச் சற்றுக் குறைத்து வைப்பதே நல்லது.

பலரும் மேலிருந்து குனிந்து எடுக்கிறார்கள். பூவின் அழகில் பாதி அதிலேயே போய்விடும். காந்தள் தலைகவிழ்ந்து பூப்பது. மொட்டு பச்சையாகத் தரையைப் பார்த்துத் தொங்கும். விரிய விரிய ஆறு இதழ்களும் பின்னோக்கி மடங்கி வானத்தைப் பார்த்து எழும்பும். பூவின் மட்டத்துக்கு இறங்கி, பக்கவாட்டில் பார்த்தால்தான் இந்த எழுச்சி கண்ணில் படும். இதழின் விளிம்பு நெடுக, கையால் பிடித்துவைத்த கொசுவம் போல அலையலையாகச் சுருண்டிருக்கும். புதிதாக விரிந்த பூவில் பச்சை கலந்த மஞ்சள். அடுத்தடுத்த நாட்களில் நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, கடைசியில் முழுதும் சிவக்கும். ஒரே கொடியில் வெவ்வேறு நாட்களில் விரிந்த மூன்று நான்கு பூக்கள் சேர்ந்திருந்தால், ஒரே படத்தில் இத்தனை நிறங்களும் கிடைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதழ்களுக்குக் கீழே இருக்கிறது. ஆறு மகரந்தத் தாள்களும் நாலாபக்கமும் விரிந்து நிற்க, சூலகத்தின் நுனியிலேயே சூல்தண்டு ஏறக்குறைய செங்கோணமாக ஒடிந்து வெளியே நீள்கிறது. நுனியில் மூன்று கிளை. தன் மகரந்தம் தன் மேலேயே விழாதபடி விலகி நிற்கும் ஏற்பாடு இது. பட்டாம்பூச்சி வந்தால் உண்டு, வராவிட்டால் காய் குறையும். அதனால்தான் ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் இதைப் பயிரிடும் விவசாயிகள் காலை வேளையில் பூப்பூவாகக் கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள். விதையிலிருந்து கிடைக்கும் கோல்ச்சிசின் மூட்டுவாத மருந்தாகிறது. கொடி முழுவதும் நஞ்சு, கிழங்கும் விதையும் கடும் நஞ்சு. தொட்டால் கையைக் கழுவிவிட வேண்டும். குழந்தைகள் புழங்கும் இடத்தில் இதை வளர்க்கவே கூடாது.

கிட்டத்தில் போனால் தாள், இதழ், தண்டு எல்லாமே ஒருசேரத் தெளிவாக விழாது. லென்ஸின் துளையை எஃப் 11 வரை சுருக்கினாலும் எதையாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். நான் இதழை விட்டுக்கொடுத்து, அந்தத் தண்டு ஒடியும் இடத்தில்தான் குவியத்தை வைப்பேன்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களில் முதலில் நிற்பது காந்தள்தான். சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்கு இதை உவமை சொன்னதன் பொருத்தம், பாதி விரிந்த பூவைப் பக்கவாட்டில் பார்த்த பிறகே எனக்குப் பிடிபட்டது. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே.

அடையாளம் உறுதிசெய்ய இலையையும் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இலையின் நுனியே நீண்டு, பற்றுக்கம்பியாகச் சுருண்டு, பக்கத்துச் செடியைப் பிடித்திருக்கும். பூக்காத காலத்திலும் கொடியை இதை வைத்தே சொல்லிவிடலாம். பூங்கொத்துக் கடைகளுக்கு வரும் அகன்ற இதழ் வகையில் விளிம்பு இவ்வளவு சுருள்வதில்லை. நம் வேலிக் காந்தளின் நெளிவுக்கு அது ஈடாகாது என்பது என் கட்சி.